இடது பக்கம் திரும்பும்போது மட்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனில் சிங்க்கின் கழிவுக் குழாயை எப்படிக் கழுவுவது என்று நான் எழுதப்போவதில்லை. அது கழுவும் இடத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் மாட்டியிருக்கிறது. ஆப்பசோடா எவ்வளவு, வினிகர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, எல்லாம் அதில் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள் என்ற சிவப்பு எழுத்து மட்டும் என் கைங்கரியம். ஒரு குழாயை உருக்கிய பிறகு எழுதினேன்.

நான் சொல்ல வந்தது அம்பலவாணர் ஐயாவும் அவர் மனைவி மங்கை அம்மாவும் வாடகைக்கு எடுத்த வேனைப் பற்றி. வேலையை விட்டு ஓய்வாக உட்கார்ந்த பிறகும் என்னை விடாத கதை இது ஒன்றுதான். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

வேன்களை வாடகைக்கு விடும் எங்கள் பட்டறை ஜெலுத்தோங்கில் இருப்பது உங்களுக்குத் தெரியும். குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் அங்கே எந்த வேன் நாறுகிறது, எது நாறவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் காற்று திரும்பும்வரை காத்திருந்து, பிறகு மூக்கை நீட்டி வேனைச் சோதிப்போம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, என் மூக்கு இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அம்பலவாணர் ஐயா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மங்கை அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இருவரும் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், பேச்சிலேயே தெரியும். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதைக் கொண்டாட, கிரிக் மலைப்பாதை வழியாகக் கோத்தா பாரு போய், கடலோரமாகவே சுற்றிவிட்டு வர ஒரு வாரத்துக்கு வேன் கேட்டிருந்தார்கள்.

அவர்கள் வருகிற நாள் காலையில் அந்த வேனின் சிங்க் குழாய் என் கையில் கிழிந்துபோனது. அதற்கு முன்னால் போனவர்கள் மீன் கழுவியிருந்தார்கள். நான் குழாயை இழுத்துத் தேய்த்த வேகத்தில் வாய் பிளந்துவிட்டது. புதுக் குழாய்ச் சுருள் இருந்தது. அளந்து வெட்ட வேண்டும். வாசலில் எங்கள் முதலாளி கணேசன், "அக்கா, அவங்க வந்துட்டாங்க லா!" என்று கத்தினான். வயதில் என்னைவிடச் சின்னவன், அதனால் முதலாளியானாலும் அவன் எனக்குத் தம்பிதான். நான் அளக்கவில்லை. நீளமாக இருந்தால் இழுபடாது, நல்லதுதானே என்று நினைத்து ஒரு முழத்துக்கு மேல் அதிகமாகவே வெட்டி, ஒரு முனையைச் சிங்க்கிலும் மறு முனையைக் கழிவுத் தொட்டியிலும் மாட்டி, மிச்சத்தைச் சிங்குக்குக் கீழே உள்ள பலகைக்குப் பின்னால் சுருட்டித் தள்ளி, பலகையை மூடினேன். குழாய் அங்கே தொட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போய்ச் சாவியைக் கொடுத்தேன்.

ஏழு நாளைக்குப் போனவர்கள் மூன்றாம் நாள் முற்பகல் திரும்பி வந்துவிட்டார்கள்.

வேனிலிருந்து இறங்கும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் அவ்வளவு மரியாதையாக நடத்தினார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்றார். அந்த அம்மா அவர் முதுகைத் தடவி, "நீங்கள் இருங்கோ" என்றார். நாற்பது வருஷம் வாழ்ந்த புருஷன் பெண்டாட்டி காரணமில்லாமல் அப்படி இருக்கமாட்டார்கள்.

நான் தேநீர் கலக்கப் பின்பக்கம் போனேன். மங்கை அம்மா என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, ஒரு விசயம். ஆருக்கும் சொல்லக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இவருக்கு வயித்துக்குள்ள ஏதோ பெரிய வருத்தம். மூண்டு நாளா அவரிட்ட இருந்து ஒரு மணம் வருது. நான் முப்பது வருசம் வார்டில நிண்டனான். இது சும்மா வாயுத் தொல்லை இல்லை." அவர் கண் கலங்கியது. "எனக்குத் தெரியக் கூடாதெண்டு மறைக்கிறார். எழும்பி எழும்பிப் போய் அலுமாரியளைத் திறந்து பாக்கிறார், ஏதோ தேடுற மாதிரி. என்னட்டக் கிழமை கேக்கிறார். நூறில ஏழு போனா எவ்வளவு எண்டு கேக்கிறார். உடம்பில நஞ்சு ஏறினா புத்தி தடுமாறும், தங்கச்சி. எனக்கு ஏலாமல் கிடக்கு எண்டு பொய் சொல்லித்தான் திருப்பிக் கொண்டு வந்தனான். நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பாக்கப் பதிஞ்சிட்டன். அதுக்காகத்தான் மூண்டு நாளா வெறும் கஞ்சி குடுக்கிறன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? தேநீரைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். அம்மா கைகழுவும் அறைக்குப் போனதும் அம்பலவாணர் ஐயா என்னைக் கண்ணாலேயே கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச வாரும். மங்கைக்குத் தெரியக் கூடாது."

"சொல்லுங்கய்யா."

"அவவுக்கு மறதி தொடங்கிட்டுது. தாய்க்கும் இருந்தது. சோதிக்கிறதுக்காகக் கிழமை, கணக்கு எல்லாம் கேட்டுப் பாத்தனான்." அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். "வேனுக்குள்ள கருவாட்டையோ இறைச்சியையோ எங்கயோ வச்சிட்டு மறந்து போனா. நாத்தம் தாங்கேலாது. நான் எல்லா அலுமாரியும் தேடிட்டன், கிடைக்கேல்ல. கேட்டால் மனம் நோவா. அதோட மூண்டு நாளாக் கஞ்சி. காலமை கஞ்சி, மத்தியானம் கஞ்சி, பின்னேரம் கஞ்சி. எனக்குக் கஞ்சி பிடியாதெண்டு நாப்பது வருசமாத் தெரிஞ்ச மனுசி! அதையே மறந்திட்டா எண்டால் யோசிச்சுப் பாரும். எஞ்சின் சத்தம் சரியில்லை எண்டு பொய் சொல்லித் திருப்பினனான். நாளைக்குக் காலமை ஞாபகமறதி டாக்டரிட்ட கூட்டிக்கொண்டு போறன்."

இப்படி இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றத் திரும்பி வந்திருக்கிறார்கள். நாளைக் காலையில் இவர் அவரையும் அவர் இவரையும் வேறு வேறு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். எந்த வண்டியில், யார் ஓட்டுவது என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை.

கணேசனிடம் போய் வேன் நாறுகிறதாம் என்று மட்டும் சொன்னேன். இருவரும் ஏறினோம். அன்று காற்றும் நல்ல பக்கமாக அடித்தது. சிங்க்குக்குள் மூக்கை விட்டேன். சோப்பு வாசனைதான் வந்தது. கணேசன் மண்டிபோட்டு மெத்தைக்கு அடியில் மோந்து பார்த்தான்.

"ஒண்ணும் இல்லலா அக்கா. பாண்டான் இலை வாசனை ஸ்ப்ரே அடிச்சிட்டு விட்டுடுவோம்."

கீழே இறங்கி, பாவ் ஒன்றும் இல்லை என்று சொன்னோம். நாத்தத்துக்கு இங்கே எல்லோரும் அந்த மலாய் வார்த்தையைத்தான் சொல்வோம். ஒன்றும் இல்லை என்று சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு முகத்தையும் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஐயா இறங்கினார், நாத்தம் போய்விட்டது என்று அம்மா நினைத்தார். அம்மா இறங்கினார், நாத்தம் போய்விட்டது என்று ஐயா நினைத்தார். இருவரும் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், ஐயா மேசைமேல் வைத்துவிட்டுப் போன நோட்டைப் புரட்டினேன். அளவைக்காரர் இல்லையா, அம்மா ஓட்டும்போதெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். நேரம், இடம், நாத்தத்தின் பலம் ஒன்றிலிருந்து ஐந்துவரை, அதற்கு முன் மங்கை கடைசியாக எந்த அலுமாரியைத் திறந்தார் என்பது ஒரு கட்டம். கடைசியில் பாதையின் போக்கு என்று இன்னொரு கட்டம். அது தொழில் பழக்கத்தில் எழுதியது, அதை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அலுமாரிக் கட்டத்தில்தான் அடியில் கோடு போட்டு ஆராய்ந்திருந்தார்.

நான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். பாலத்தில் ஒன்று, நேர். கெப்பாலா பத்தாஸில் நான்கு, இடது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தம், ஒன்று. கிரிக் தாண்டி மலைப்பாதை முழுக்க ஐந்து, இடது; இரண்டு, வலது; ஐந்து, இடது; ஐந்து, இடது.

எந்த நோயும் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் நாறாது. கருவாடும் அப்படித்தான்.

சிங்க் இருப்பது வேனின் வலது பக்கச் சுவரில். வண்டி இடது பக்கம் திரும்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வலது பக்கம் சாயும். நான் தொட்டில் மாதிரித் தொங்கவிட்ட குழாயில் தேங்கிய தண்ணீர், தொட்டியில் மிச்சமிருந்த மீன் நாத்தத்தோடு அப்படியே எழும்பிச் சிங்க்கின் வாய்வரை வந்து, மூச்சு விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. வண்டி நின்றால் தண்ணீர் அடங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும், வாசனை வராது. அந்த மனிதர் மூன்று நாளாக நான் செய்த தப்பைக் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

கணேசனை ஓரமாக இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்று வருத்தம், மறதி, குழாய் எல்லாம். அவன் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்துக் குலுங்கினான். பிறகு முதலாளியாகிவிட்டான்.

"அக்கா, நம்ம தப்புன்னு சொல்லாதீங்க. பைப்ப வெட்டிட்டு, எலி செத்துக் கிடந்துச்சுன்னு சொல்லிடுவோம். ரெண்டு பேருக்கும் நிம்மதி, நமக்கும் பிரச்சனை இல்ல."

நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மங்கை அம்மா முப்பது வருஷம் வார்டில் நின்றவர். எலியைக் காட்டு என்பார். ஐயா அதன் நீள அகலத்தை எழுதிக்கொள்வார். எலிக்கு எங்கே போவது? கணேசன் நிஜமாகவே காப்பிக்கடைப் பின்பக்கக் கால்வாயில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஜெலுத்தோங்கில் அன்றைக்கு மட்டும் ஒரு எலிகூடச் சாகவில்லை.

நான் துணிச்சல்காரி என்பதால் உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். உள்ளே அந்த அம்மா கைபேசியில் ஆஸ்பத்திரிக்காரர்களிடம், "ஓம், கட்டியாய்த்தான் இருக்கும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தது. அதற்கு மேல் எலியைப் பற்றி யோசிக்க முடியவில்லை.

இரண்டு பேர் முன்னாலும் போய் நின்றேன்.

"ஐயா, அம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. நாத்தம் சிங்க் பைப்புல இருந்து வருது. நான்தான் பைப்ப அளக்காம நீளமா மாட்டிட்டேன். என் தப்பு."

இருவரும் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்கள். அம்மா என் தோளைத் தட்டினார். "நல்ல மனசு உங்களுக்கு" என்றார். பிறகு காதருகே, "அவருக்காகச் சொல்லுறீர், விளங்குது" என்றார். ஐயாவும் என்னைத் தாண்டிப் போகும்போது, "மங்கையின்ர மனம் நோகாமல் சொன்னீர், நன்றி" என்று முணுமுணுத்தார்.

வாழ்க்கையில் நான் மனதாரத் தப்பை ஒப்புக்கொண்ட முதல் தடவை அது. ஒருவரும் நம்பவில்லை.

"வண்டியில ஏறுங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கணேசன் தம்பி, ஓட்டு. இடது, இடது, இடது, இடது. இந்தப் பிளாக்கச் சுத்தி வா."

முதல் சுற்றில் ஐயாவைக் காப்பிக்கடை வாசலில் நிறுத்திவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டோம். சிங்க்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். முதல் இடது திருப்பத்திலேயே நாத்தம் எழும்பியது. நான் தள்ளி நின்றேன், அம்மா நர்ஸ் ஆயிற்றே, மூக்கைப் பொத்தாமல் நின்றார். "இவர் இல்லாமலே வருது!" என்றார். அப்படியும் முழுதாக நம்பவில்லை. "மெத்தையில ஊறி இருக்கும்" என்றார்.

இரண்டாம் சுற்றில் அம்மாவை இறக்கிவிட்டு ஐயாவை ஏற்றினோம். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். "இடது, ஐந்து," என்று எழுதினார். "இடது, ஐந்து." மூன்றாவது திருப்பத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் சுற்றில் அவர்கள் இருவரும் வாசலில் நின்றார்கள். வேனில் நானும் கணேசனும் மட்டும். நான்காவது திருப்பத்தில் கணேசன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினான். காப்பிக்கடைச் சீனக் கிழவர் எழுந்து வந்து, பார்க்கிங் இடம் தேடுகிறீர்களா, இதோ இங்கே காலியாகத்தான் இருக்கிறது என்று மலாயில் கேட்டார். அடுத்த சுற்றுக்குத் தானும் வரலாமா என்று அவரோடு இருந்தவர் கேட்டார்.

பட்டறைக்குள் வண்டியை நிறுத்தி, வாளியைக் கீழே வைத்து, பலகையைக் கழற்றிக் குழாயை இழுத்தேன். நான்கு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முனையை வாளிக்குள் சாய்த்ததும் முதலில் கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. பிறகு வெள்ளையாக, கெட்டியாக, கொழகொழவென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு எங்கிருந்து என்று எனக்கே புரியவில்லை.

மங்கை அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"இது நான் வச்ச கஞ்சி" என்றார்.

அம்பலவாணர் ஐயா நோட்டை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலமைக் கஞ்சி... மத்தியானக் கஞ்சி..." அம்மா வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அங்கால திரும்பினவுடன சிங்குக்குள்ள ஊத்தினீங்களோ? ஒவ்வொரு நேரமும்?"

"ஊத்தினனான்."

"மூண்டு நாளா நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"பிஸ்கட் வச்சிருந்தனான்."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. நாத்தம் வந்ததும் அம்மா கஞ்சி கொடுத்திருக்கிறார். ஐயா அதைச் சிங்க்கில் ஊற்றியிருக்கிறார். அது என் தொட்டிலில் போய்ப் படுத்துப் புளித்து இன்னும் நாறியிருக்கிறது. நாத்தம் கூடக் கூடக் கஞ்சியும் கூடியிருக்கிறது. என் குழாய் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் என் குழாய் இல்லாவிட்டால் அது தொடங்கியே இருக்காது.

"நான் உங்களுக்குப் புற்றுநோய் எண்டு நினைச்சு மூண்டு நாள் அழுதிருக்கிறன்!" என்று அம்மா கத்தினார்.

"நான் உனக்கு மறதி எண்டு நினைச்சு..."

"எனக்கோ மறதி? நூறில ஏழு போனாத் தொண்ணூத்தி மூண்டு! அதில ஏழு போனா எண்பத்தாறு! எழுபத்தொம்பது! எழுபத்திரண்டு! இன்னும் வேணுமோ?"

அம்மா பதினாறுவரை போன பிறகுதான் நிறுத்தினார். ஐயா அழுதார் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த வாளிப் பக்கத்தில் யார் கண்ணிலும் தண்ணீர் வந்திருக்கும். பிறகு இருவரும் நன்றாகச் சண்டை போட்டார்கள், கஞ்சியைப் பற்றி, கல்யாணமான புதிதில் ஐயா கீழே ஊற்றிய ஏதோ ரசத்தைப் பற்றி, ஐயாவின் அக்காவைப் பற்றி. வாசலில் காப்பிக்கடைக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக அந்த இரண்டு பேரிடமும் இருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

இந்தத் தடவை நான் அளந்தேன். இரண்டு தடவை அளந்து, குழாயை நேராகச் சரிவாக மாட்டினேன். அம்மா அருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "உம்மை நான் நம்பியிருக்க வேணும்" என்றார். "இல்லம்மா, முதல்லயே நான் அளந்திருக்கணும்" என்றேன். டாக்டர் வேலைகளைப் பிறகு பார்க்கலாம், ஆனால் இரண்டு பேரும் கட்டாயம் போகவேண்டும் என்று பேசி முடித்துக்கொண்டு, மிச்ச நாளைக்குக் கோத்தா பாரு போகக் கிளம்பினார்கள். அவர் கதவைப் பிடிக்கவில்லை. அந்த அம்மா, "தள்ளுங்கோ" என்று தானே ஏறினார்.

வேன் தெருமுனையில் மறைந்ததும் கணேசன் என் பக்கம் திரும்பினான். திட்டப்போகிறான் என்று நின்றேன். அவன் கேட்டது வேறு.

"அக்கா, அந்தச் சுருள்ல இருந்து வேற எந்த வேனுக்குப் பைப்பு வெட்டுனீங்க?"

யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை, தெரியும். இன்னொரு வேனுக்கு வெட்டியிருந்தேன், அதே வாரம், அதே மாதிரி அளக்காமல்.

"அது இப்ப எங்க இருக்கு?"

எந்த வேன் எங்கே போகிறது என்று எழுதிவைக்கும் பலகையில் பார்த்தோம். கேமரன் மலைக்குப் போயிருந்தது. அந்தப் பாதையில் நேரான இடம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எடுத்துப்போனவர்கள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த ஜோடி, கல்யாணமாகி ஒரு வாரம்.

"போன் பண்ணணுமா?" என்றான் கணேசன். "அவங்க ஒண்ணும் கம்ப்ளெய்ன் பண்ணலையே?"

கம்ப்ளெய்ன் இல்லை என்றால் நாத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி ஒருவர் மேல் மற்றவருக்குச் சந்தேகம் விழுந்திருக்கிறது என்றும் அர்த்தமிருக்கலாம். தம்பிகளே, தங்கச்சிகளே, வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள். அன்றைக்குக் காலையில் நான் கற்றது அது ஒன்றுதான். அதையும் தாமதமாகத்தான் கற்றேன்.

போன் அடித்தேன். மணப்பெண் எடுத்தாள். ஹலோ என்ற குரலே சரியில்லை. அவளைப் பேசவிடாமல் நானே முந்திக்கொண்டேன்.

"அம்மா, நான் ஜெலுத்தோங் பட்டறையில இருந்து பேசறேன். வேன்ல பாவ் வந்தா அது உங்க வீட்டுக்காரர் இல்ல. சிங்க் பைப்பு. நான் தப்பா மாட்டிட்டேன். சிங்க்ல மூடியப் போட்டு வைங்க, நாங்க ஆள் அனுப்பறோம்."

அவள் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வேன் கதவைத் திறக்கிற ஓசை கேட்டது.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "உள்ள வாங்க. நீங்க இல்லையாம்."